சுவர் என்னுடையது, படம் யாருடையது?

கடைக்காரன்:
போன கிழமை என் கடையின் பின்சுவரில், குப்பைத்தொட்டி வைக்கிற சந்துப் பக்கம், யாரோ இரவோடிரவாகக் கறுப்பு ஸ்பிரேயால் கோழி கிளறினமாதிரி ஒரு கையெழுத்தை இழுத்துவிட்டுப் போயிருக்கிறான். இது மூன்றாம் தடவை. படம்கூட இல்லை, பெயர்தான், அதையும் வாசிக்க முடியாது. நான் பெயின்ட் வாங்கப் போவதற்குள் நகராட்சிக் கடிதம் வந்துவிட்டது (ஊர்ப் பெயர் வேண்டாம், ரொறன்ரோ இல்லை): இத்தனை நாளுக்குள் நீயே அழி, இல்லாவிட்டால் நாங்கள் அழித்துவிட்டுச் செலவை வரியோடு சேர்ப்போம். செய்தவன் எவனோ, தெண்டம் கட்டுகிறவன் நான். அதே நகராட்சிதான் அடுத்த தெருவில் வரிப்பணத்தில் பத்து அடிக்கு மீன் கீறி வைத்திருக்கிறது. இரண்டும் ஒரே டப்பா பெயின்ட்தானே, ஒன்று குற்றம், மற்றது கலையா?

பார்க்வே_ராசன்:
அண்ணை, எரிச்சல் விளங்குகிறது. ஆனால் ரொறன்ரோவின் டொன் வலி பார்க்வே நெடுஞ்சாலையில் வடக்கே வரும்போது லோரன்ஸ் வீதி கிட்ட வானவில் பூசின சுரங்கப்பாதை ஒன்று தெரியுமே, அதைக் கண்டிருப்பீர்கள். 1972இல் நோர்வேயிலிருந்து வந்த ஒரு பொடியன், பி. சி. ஜோன்சன், அந்த வீதியில் நடந்த விபத்தில் செத்த நண்பர்களின் நினைவாகக் கீறினது அது. அனுமதியும் இல்லை, ஒன்றும் இல்லை. மாநகரம் சாம்பல் நிறம் பூசும், அவன் திரும்ப வந்து வானவில் பூசுவான், இப்படியே இருபது வருடத்துக்கு மேல் நடந்தது. பிடிபட்டும் விடவில்லை. 2012க்குப் பிறகு மாநகரத்தின் ஆதரவோடுதான் அதை முறையாகப் புதுப்பித்தார்கள், உள்பக்கமும் படம் கீறி. நான் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து அதைக் கண்டபிறகுதான் வீடு கிட்ட வந்துவிட்டது என்று நினைப்பேன்.

கடைக்காரன்:
நல்ல கதை. ஆனால் அவன் செத்தவர்களுக்காகக் கீறினான். என் சுவரில் கிறுக்கினவன் யாருக்காகக் கிறுக்கினான்? ஒரு வானவிலைக் காட்டி ஆயிரம் கிறுக்கலுக்கு மன்னிப்புக் கேட்காதேங்கோ.

வரிக்காசு:
கடைக்காரன் சொல்வதில் பாதி சரி, ஆனால் கோபம் போக வேண்டிய இடம் வேறு. எனக்குப் பயம் கிறுக்கலில் இல்லை, அழகான படங்களில்தான். மொன்றியலில் சென் லோறான் வீதியில் 2013இலிருந்து சுவரோவிய விழா நடக்கிறது. நல்லாத்தான் இருக்கிறது. அப்புறம் பார்த்தால் அந்தத் தெருப்பக்கம் வாடகை எங்கே நிற்கிறது? படம்தான் வாடகையை ஏற்றியது என்று சொல்லவில்லை, ஆனால் வீடு விற்கிறவனின் விளம்பரத்தில் முதலில் வருவது அந்தப் படம்தான். வன்கூவரிலும் 2016இல் பெரிய எடுப்பில் ஒரு விழாவைத் தொடங்கி நூற்றுக்கணக்கில் கீறினார்கள், இப்போது காசு இல்லையென்று மூடியாயிற்று. விழா போய்விட்டது, வெடித்து உரியப் போகிற பெயின்ட்டை இனி யார் பார்ப்பது?

பார்க்வே_ராசன்:
அப்படியென்றால் வன்கூவர் தீவில் இருக்கிற சமைனஸை என்ன சொல்வீர்கள்? மர ஆலையை நம்பி இருந்த சின்ன ஊர். 1982இல் சுவரில் படம் கீறத் தொடங்கினார்கள், அடுத்த வருடம் ஆலையே மூடிவிட்டது. கார்ல் ஷுட்ஸ் என்ற ஒருவர் பிடிவாதமாக நின்று, ஊரின் பழைய கதையையெல்லாம் சுவரில் ஏற்றி, ஆட்களை வரவழைத்தார். அங்கே படம்தான் சோறு போட்டது.

வரிக்காசு:
ஒரு சமைனஸ். அதைப் பார்த்து எத்தனை ஊர் ரயில் படமும் குதிரை வண்டிப் படமும் கீறி வைத்துக்கொண்டு பஸ் நிறையச் சனம் வரும் என்று காத்திருக்கிறது, தெரியுமா? நான் இருந்த ஊரிலும் ஒன்று இருந்தது. குதிரைக்கு ஐந்து கால். (சத்தியமாக.)

வடக்குச்சன்னல்:
குதிரைக்கு ஐந்து காலென்றாலும் யாருக்கும் நோகாது. நோகிற படத்தைப் பற்றிக் கதைப்போம். நான் எட்மன்ரனில் படித்தபோது கிராண்டன் ஸ்டேஷனால்தான் போய் வருவேன். நடைமேடையில் 1989இல் கீறின பெரிய ஓவியம்: ஆயர் கிராண்டன், பக்கத்தில் ஒரு கன்னியாஸ்திரி, அவர் கையில் பூர்வகுடிக் குழந்தை. முதல் வருடம் எனக்கு அது ஏதோ நல்ல படமாகத்தான் தெரிந்தது. பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துக்கொண்டுபோன வதிவிடப் பாடசாலைகளுக்காக வாதாடினவர்தான் அந்த ஆயர் என்று ஒரு சிநேகிதி சொன்னபிறகு குழந்தையை வைத்திருக்கிற அந்தக் கையை என்னால் பார்க்க முடியவில்லை. அவள் பாட்டி அப்படிப்பட்ட ஒரு பாடசாலையில் படித்தவர். 2014இல் ஆரன் பகெட் என்ற பூர்வகுடி ஓவியரைக்கொண்டு எதிர்ப்பக்கம் வேறு படங்கள் கீறுவித்தார்கள், பழையதை விட்டுவிட்டு. 2021இல் கம்லூப்ஸில் பழைய வதிவிடப் பாடசாலை வளவில் பிள்ளைகளின் புதைகுழிகள் இருக்கலாமென்ற செய்தி வந்தபிறகுதான் நகரசபை வாக்களித்து அதைச் செம்மஞ்சளால் மூடியது. ஸ்டேஷன் பெயரும் போய்விட்டது. அதுவும் முறையாகக் காசு கொடுத்து, அனுமதியோடு கீறின படம். ஆகவே அனுமதி இருந்தால் கலை, இல்லாவிட்டால் குற்றம் என்ற கணக்கு எனக்குச் சரிவரவில்லை.

வரிக்காசு:
மூடினது சரிதான். ஆனால் முப்பது வருடம் எடுத்தது, அதையும் சொல்லுங்கோ. சுவரில் ஏறினது இறங்காது, அதுதான் என் வாதமே.

கடைக்காரன்:
எல்லாரும் நாட்டைப் பற்றிக் கதைக்கிறீர்கள், என் சுவர் இன்னும் அப்படியே கிடக்கிறது. மருமகள் ஓவியர் ஒருத்தியைக் கூட்டிவந்தாள். நல்ல படம் இருக்கிற சுவரில் பொடியன்கள் அவ்வளவாகக் கை வைக்கமாட்டார்களாம், அவர்களுக்குள்ளேயே ஒரு மரியாதையாம். சரி, நம்புவோம். ஆனால் நாளைக்கு எனக்குப் பிடிக்காவிட்டால் நான் அதன்மேல் வெள்ளை அடிக்கலாமா இல்லையா?

வடக்குச்சன்னல்:
எழுதி வைக்காமல் தொடங்காதேங்கோ. ரொறன்ரோ ஈட்டன் சென்ரர் கடைத்தொகுதியில் சிற்பி மைக்கல் ஸ்னோ செய்து தொங்கவிட்ட வாத்துச் சிற்பங்களின் கழுத்தில் கடைத்தொகுதிக்காரர் நத்தாருக்குச் சிவப்பு ரிப்பன் கட்ட, ஸ்னோ 1982இல் வழக்குப் போட்டு ரிப்பனை அவிழ்க்க வைத்தார். வாத்து அவர்கள் காசு கொடுத்து வாங்கினதுதான், இருந்தும் தோற்றார்கள். சுவர் உங்களுடையது என்பதற்காகப் படத்தில் உள்ள ஆளுக்கு மீசை வைக்க ஏலாது. எத்தனை வருடம் இருக்கும், உரிந்தால் யார் திருத்துவது, மேலே கிறுக்கினால் கழுவக்கூடிய பூச்சு அடிக்கிறாளா, எப்போது மூடலாம், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கோ.

கடைக்காரன்:
சரி, எழுதுகிறேன். இன்றைக்குச் சுவரை அளந்தோம், நாற்பத்திரண்டு அடி. வாழைத்தோட்டம் கீறலாம் என்கிறாள். நடுவில் காஸ் மீற்றர் ஒன்று துருத்திக்கொண்டு நிற்கிறது, அதை வாழைக்குலையாக மாற்றிவிடலாமாம்.

பார்க்வே_ராசன்:
அண்ணை, மீற்றரில் கை வைக்காதேங்கோ. அதற்கும் ஒரு கடிதம் வரும்.