கல்யாணம் செல்லாதுன்னா பிள்ளை? என் அனுபவம்

பாப்பாவுக்கு மூணு வயசு இருக்கும்போது ரேஷன் கார்டில் பேர் சேர்க்கப் போனேன். அவர் வீட்டுக் கார்டை வாங்கிப் பார்த்தால், அவர் பேருக்குக் கீழே 'மனைவி'ன்னு வேறொரு பேர். விசாரிச்சதில், எனக்கு முன்னாடியே கல்யாணம் ஆனவர், விவாகரத்தும் வாங்கலை.

"விவாகரத்தே தேவையில்லைம்மா. முதல் மனைவி இருக்கும்போது செஞ்ச கல்யாணம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது. இந்து திருமணச் சட்டம் 11-ஆம் பிரிவில் மனு போடலாம்"னு வக்கீல் அம்மா சொன்னாங்க. எனக்கு வயிறு கலங்கிடுச்சு. அப்ப என் பொண்ணு யாரு? "கல்யாணமே இல்லைன்னா பிள்ளைக்கு அப்பன் ஏது"ன்னு சொந்தக்காரங்களே பேசினாங்க. அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவு, அந்தக் குழந்தை முறைப்படி பிறந்த குழந்தைதான்னு சொல்லுது. அப்பா சொத்தில் உரிமையும் உண்டு. அதைத் தெரிஞ்சுக்கிட்ட அன்னைக்குத்தான் தூங்கினேன்.

பொங்கலுக்குன்னு கூட்டிட்டுப் போனவர் பதினோரு நாள் பிள்ளையைத் திருப்பி விடலை. மனு நடக்கும்போதே, பிள்ளை யார்கிட்ட இருக்கணும்னு கேட்டு அதே சட்டத்தின் 26-ஆம் பிரிவில் இடைக்கால மனு போட்டோம். அஞ்சு வயசு முடியாத பிள்ளை பொதுவா அம்மாகிட்டதான் இருக்கணும்னு சட்டம் இருக்கு. பாப்பா என்கிட்ட வந்தா. அவருக்குச் சனிக்கிழமை ரெண்டு மணி நேரம். முதல் சனிக்கிழமை திரும்பி வந்தவ, தண்ணி பாட்டிலைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, "நீ என்னை ஹாஸ்டல்ல விட்டுருவியாம்மா?"ன்னு கேட்டா. எனக்கு வந்த கோபத்தை அவகிட்ட காட்டலை. அவ முன்னாடி அவரைப் பத்தி ஒரு வார்த்தை தப்பா பேசக் கூடாதுன்னு எங்க வீட்டிலும் எல்லாருக்கும் சொல்லிட்டேன்.

முதல் கல்யாணம் நடந்ததை நாமதான் நிரூபிக்கணும். அதுக்கு அந்த முதல் மனைவியே சாட்சி சொல்ல வந்தாங்க. மஞ்சப்பையில் கல்யாணப் பத்திரிகையும் போட்டோவும். சாட்சி சொல்லிட்டு வெளியே வந்து, பாப்பா கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்துட்டுப் போனாங்க.

---

அக்கா, உங்க அனுபவத்தைப் படிச்சேன். என் கதை அதே சட்டத்தின் 12-ஆம் பிரிவு, ஏமாத்திச் செஞ்ச கல்யாணத்தை ரத்து செய்யக் கேட்கிறது. முக்கியமான விஷயத்தை மறைச்சுக் கட்டி வச்சாங்க. பெரியவங்க பேசி முடிச்சுக்கலாம்னு சொல்லிச் சொல்லியே ஒன்றரை வருஷம் ஓடிடுச்சு. ஏமாத்தினது தெரிஞ்ச நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் மனு போடணும், தெரிஞ்ச பிறகு சேர்ந்து வாழ்ந்திருக்கவும் கூடாதாம். தள்ளுபடி ஆயிடுச்சு. இப்ப விவாகரத்து மனு, பையன் கஸ்டடிக்கு வாய்தா மேல வாய்தா. காசில்லாதவங்க இலவச சட்ட உதவி மையத்துக்குப் போங்க. பெண்களுக்கு வருமானம் பார்க்க மாட்டாங்க. நான் அங்கேதான் வக்கீல் வாங்கினேன்.