குடும்ப குரூப்பில் பெரியப்பாவைத் திருத்தப் போய் அவர் வெளியேறிவிட்டார்

கேட்பவர்: வைகைக்கரை

எங்கள் வாட்ஸ்அப் குடும்ப குரூப்பில் 63 பேர் இருக்கிறோம். நான்தான் அட்மின். போன வாரம் பெரியப்பா ஒரு ஃபார்வர்ட் போட்டார். வெண்டைக்காயை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துக் காலையில் குடித்தால் ஒரே வாரத்தில் சர்க்கரை ஓடிவிடும், இன்சுலினே வேண்டாம் என்று. அதே குரூப்பில் அத்தை இன்சுலின் போட்டுக்கொண்டிருப்பவர், அதனால் எனக்குப் பதறிவிட்டது. "பெரியப்பா இது பொய், படித்துப் பார்க்காமல் எதையும் அனுப்பாதீங்க" என்று உடனே எழுதினேன். அதற்குக் கீழே மச்சான் ஒருவனும் சித்தி பிள்ளைகள் இரண்டு பேரும் சிரிக்கிற பொம்மையை வரிசையாகப் போட்டார்கள். பத்து நிமிடத்தில் பெரியப்பா வெளியேறிவிட்டார். 2022-க்குப் பிறகு ஒருவர் விலகினால் அட்மினுக்கு மட்டும்தானே காட்டுகிறது, அதனால் இன்னும் பலருக்குத் தெரியாது. அவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். நான் சொன்னதில் தப்பு இருப்பதாக இன்னும் எனக்குத் தோன்றவில்லை, ஆனால் தூக்கம் வரவில்லை. என் செய்தியை அழித்துவிட்டு அவரை மறுபடி சேர்த்துவிடவா?

பதில்: கொல்லம்பட்டறை

அழிக்காதீங்க. "இந்தச் செய்தி நீக்கப்பட்டது" என்று ஒரு வரி அங்கேயே நிற்கும், பார்க்காதவர்களும் என்ன என்ன என்று கேட்பார்கள். கேட்காமல் மறுபடி சேர்ப்பதும் வேண்டாம், கோபித்துக்கொண்டு பந்தியிலிருந்து எழுந்தவரைத் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைக்கிற மாதிரி ஆகிவிடும்.

சொன்ன விஷயம் சரி, சொன்ன இடம்தான் கோளாறு. ஒருவருடைய செய்தியை அழுத்திப் பிடித்தால் தனியாகப் பதில் அனுப்ப ஒரு வசதி வரும், அதில் சொல்லியிருந்தால் அவரே அழித்திருப்பார். அப்புறம் அந்த "படித்துப் பார்க்காமல்" என்ற வார்த்தை. ஆயுள் முழுக்கப் பிள்ளைகளிடம் இதையே சொல்லி வந்த மனுஷனிடம் 62 பேர் முன்னால் அதைச் சொன்னால்? வீட்டுத் திண்ணையில் இதே வார்த்தையைச் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பீர்கள், அவரும் "போடா" என்றிருப்பார். எழுத்தில் உங்கள் முகம் தெரியாது. 1982-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஃபால்மன் என்பவர் :-) குறியைப் போடச் சொன்னதே, எது கிண்டல் எது நிஜம் என்று புரியாமல் ஆட்கள் தகராறு செய்ததால்தான். அந்தச் சிரிப்பே இப்போது அடிக்கிற கல்லாகிவிட்டது பாருங்கள். உங்கள் வரியை விட அந்த மூன்று பொம்மைகள்தான் அவரைக் கிளப்பியிருக்கும் என்று நினைக்கிறேன்.

பதில்: மருந்துச்சீட்டு

மேலே சொன்னவரோடு எனக்குப் பாதிதான் ஒத்துப்போகிறது. நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். இன்சுலினைத் திடீரென்று நிறுத்தினால் சிலருக்கு ஓரிரு நாளிலேயே ஆஸ்பத்திரியில் சேர்க்கிற அளவுக்குப் போகும். பெரியப்பாவிடம் தனியாகச் சொல்லி அவர் அழிப்பதற்குள் அத்தை படித்துவிட்டால்? பொய் எங்கே விழுந்ததோ அங்கேதான் மறுப்பும் விழவேண்டும். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குப் போன ஒரு வயதான அம்மாவைப் பிள்ளை பிடிக்கிறவர் என்று சொல்லி அடித்தே கொன்றார்களே, அப்போது சுற்றியதும் இப்படிப்பட்ட ஃபார்வர்ட்தான். அந்த வருடம் நாடு முழுக்க இப்படி நடந்த பிறகுதான் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. அன்றைக்கு ஏதோ ஒரு குரூப்பில் யாரோ ஒருவர் மரியாதை பார்த்துச் சும்மா இருந்திருப்பார் இல்லையா.

ஆனால் செய்தியைத் திருத்துவது வேறு, ஆளைத் திருத்துவது வேறு. "இந்த வெண்டைக்காய் செய்தி ரொம்ப நாளாகச் சுற்றுகிறது, அத்தை, டாக்டரைக் கேட்காமல் ஊசியை நிறுத்திடாதீங்க" என்று அத்தையைப் பார்த்து எழுதியிருந்தால் பெரியப்பா பெயரே வந்திருக்காது. அவர் போட்டதில் இரட்டை அம்புக்குறி இருந்திருக்கும், பலமுறை கைமாறி வந்தது என்று அர்த்தம். அவர் எழுதியது இல்லையே, அவரும் ஏமாந்தவர்தான். அப்புறம் அட்மின் என்ற முறையில் அந்தச் சிரிப்பு ஆசாமிகளிடம் நீங்கள் ஒரு வார்த்தையாவது கேட்டீர்களா?

பதில்: துஷ்டிவீடு

உங்களுடையது பரவாயில்லை. எங்கள் குரூப்பில் காலை ஐந்தரைக்கு ஒரு தாத்தா இறந்த செய்தி, பிணம் எடுக்கிற நேரம் உட்படப் போட்டார்கள். ஆறு மணிக்கு ஒரு மாமா ரோஜாப்பூவோடு "இனிய காலை வணக்கம், இன்று உங்களுக்கு மகிழ்ச்சியான நாள்". அதற்கு இரண்டு பேர் கைகூப்பி வேறு. மேலே என்ன ஓடுகிறது என்று கட்டைவிரலால் ஒருமுறை தள்ளிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள் என்று நானும் எத்தனை தடவைதான் சொல்வது. இதில் வேடிக்கை, துஷ்டி வீட்டுக்கு முதலில் வந்து இறங்கி பந்தல்காரருக்குச் சொல்லி, கடைசிவரை நின்றவரும் அதே மாமாதான். அதனால் யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் பெரியப்பாவை நேரில் போய்ப் பாருங்கள் தம்பி, போனிலேயே முடிக்கப் பார்க்காதீர்கள்.

கேட்டவர்: வைகைக்கரை

எல்லாருக்கும் நன்றி. இரண்டு தடவை போன் அடித்தேன், எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நேரில் போனேன். வெண்டைக்காய்ப் பேச்சையே எடுக்காமல் மழை, மோட்டார் ரிப்பேர் என்று ஒரு மணிநேரம் ஓட்டினார். கிளம்பும்போது நான் மன்னிப்புக் கேட்டதற்கு, "அவமானம் அங்கே, மன்னிப்பு இங்கேயா?" என்று மட்டும் கேட்டார். நியாயம்தானே. அவர் சம்மதித்த பிறகே மறுபடி சேர்த்தேன், குரூப்பிலேயே நாலு வரி எழுதினேன், சிரித்தவர்களில் இரண்டு பேரும் எழுதினார்கள். மச்சான் இன்னும் இல்லை, அவன் அப்படித்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் குரூப்பில் பெரியப்பாவின் பதில் வந்தது. அவசரத்தில் நான் "மண்ணிக்கவும்" என்று அடித்திருக்கிறேன். "தம்பி, ரெண்டு சுழி ன் போடு" என்று 63 பேர் முன்னால் எழுதியிருக்கிறார். திருத்தலாம் என்று பார்த்தால் வாட்ஸ்அப் கொடுக்கிற 15 நிமிடம் எப்போதோ தாண்டிவிட்டது.