ஆப்பிள் கன்றுக்கு எந்தத் தூண் தாங்கும்? மன்னார்குடி பக்கம் இருந்து ஒரு கேள்வி

அண்ணன்மாரே, அக்காமாரே, கஜா புயலில் தென்னை சாய்ந்த இடம் ஒரு ஏக்கர் எங்களுக்குச் சும்மா கிடக்கிறது. அதில் குளிர் அதிகம் கேட்காத அன்னா, எச்ஆர்எம்என்-99 ரக ஆப்பிள் வைக்கலாம் என்று தம்பி ஒற்றைக்காலில் நிற்கிறான். காய்க்குமா என்ற சண்டை வீட்டிலேயே நடக்கிறது, அதை விடுங்கள். என் கவலை காற்றும் தண்ணீரும்தான்.

ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் களிமண்ணில் கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கும். அதனால் மேட்டுப்பாத்தி போட்டு, ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்கு மேலே அரைச் சாணாவது நிற்கிற மாதிரி நடப்போகிறோம். எம்9 போன்ற குட்டை வேர்ச்செடியில் (மரம் உயராமல் குட்டையாக நிற்க, வேருக்காக அடியில் வைக்கும் செடி) ஒட்டிய கன்று என்றால் வேர்ப்பிடிப்பு குறைவு, காய்க்கிற வயதிலும் தாங்கல் வேண்டும்.

சவுக்குக் கழியைச் சேற்றில் ஊன்றினால் அடி மட்கிவிடும். மூங்கிலைக் கரையான் விடாது. கல்தூண், சிமெண்ட் தூண் என்றால் இடைவெளி எத்தனை அடி? கம்பி எத்தனை வரிசை? கட்டுவதற்குப் பழைய சைக்கிள் டியூப் போதுமா? நைலான் கயிறு முருங்கைப் பட்டையை அறுத்து உள்ளே புதைந்ததைப் பார்த்தவன், அது மட்டும் வேண்டாம்.

கொடைக்கானல் அனுபவத்தை விட, சமவெளியில் வைத்தவர்கள் சொன்னால் நல்லது. தூண் நட்ட படம் இருந்தால் போடுங்கள். கன்று தை மாதம் வருகிறது, அதற்குள் குழி எடுக்க வேண்டும்.