டிகிரி வாங்கிய பிறகு வரும் அந்த முதல் வருடம்: டெல்டாப் பெண்களே, உங்களுக்கு என்ன நடந்தது?

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம் பக்கம்)

நேற்று எங்கள் வங்கியில் கல்விக்கடன் தவணை கட்ட ஒரு அப்பா வந்திருந்தார். மகள் பி.இ. முடித்து மூன்று வருடம் ஆகிறது. கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள், வேலைக்குப் போகவில்லை. குறுவை நெல் போட்ட பணத்தில் ஒரு பகுதியை எடுத்துவந்து இவர் கட்டுகிறார். "அது படிச்ச கடன். மாப்பிள்ளைகிட்ட போயி கேக்க முடியுமாம்மா?" என்றார். ராத்திரி முழுக்க அந்தக் கேள்வி மனதைவிட்டுப் போகவில்லை.

கல்விக்கடனில் ஒரு விதி உண்டு. படிக்கும் காலமும், முடித்தபின் ஒரு வருடமும் தவணை கட்டத் தேவையில்லை. அந்த ஒரு வருடத்துக்குள் வேலை கிடைத்துவிடும், சம்பளத்திலிருந்து கட்டிவிடுவார்கள் என்பது கணக்கு. பையன்களுக்கு அது வேலை தேடும் வருடம்தான். சென்னைக்கோ கோவைக்கோ போய் நண்பன் அறையில் தங்கித் தேடுகிறார்கள். எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்கு அது வரன் தேடும் வருடம். கடைசி செமஸ்டர் முடியும் முன்பே ஜாதகம் வெளியே போய்விடும். "இப்ப வேலைக்குப் போயி என்ன ஆகப்போவுது, போற இடத்துல பாத்துக்கலாம்" என்பார்கள். போகிற இடத்தில் பெரும்பாலும் அந்தப் பேச்சே எழுவதில்லை.

எனக்கும் அந்த வருடம் இருந்தது. கும்பகோணத்தில் பி.காம். படித்து 2009-ல் முடித்தேன். வீட்டில் முதல் பட்டதாரி. காலை ஆறே முக்காலுக்குக் கிளம்பி, மெயின் ரோடு வரை நடந்து, வலங்கைமான் வழியாகப் போகும் பஸ்ஸில் மூன்று வருடம் பெரும்பாலும் நின்றுகொண்டேதான் போய்வந்தேன். அப்போது தூரம் என்று யாரும் சொல்லவில்லை. திருச்சியில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் ஆறாயிரம் சம்பளத்துக்கு வேலை வந்தபோதுதான் "தூரம்" என்ற வார்த்தையே வீட்டில் வந்தது. தங்க எங்கே போவாய், யார் பார்த்துக்கொள்வார்கள், நாலு பேர் என்ன சொல்வார்கள். அந்த வேலை போயிற்று.

ஒன்றரை வருடம் வீட்டில் இருந்தேன். மாடு, சமையல், நடவு ஆட்களுக்கு டீ, தம்பிக்கு டியூஷன். என்னை அங்கிருந்து நகர்த்தியது என் அப்பாயி. கையெழுத்துப் போடத் தெரியாதவர். "எம் பேத்தி அம்புட்டு படிப்பு படிச்சிட்டு அடுப்படியில நிக்கிறா" என்று அப்பாவிடம் சண்டை போட்டு, தஞ்சாவூரில் அத்தை வீட்டில் என்னைக் கொண்டுபோய் விட்டார். 2011-ல் வங்கிகளுக்குப் பொதுத்தேர்வு ஆரம்பித்திருந்தார்கள். இரண்டாவது தடவை எழுதிப் பாஸ் பண்ணி கிளார்க்காகச் சேர்ந்தேன்.

தஞ்சாவூரில் அத்தை இல்லாதவர்கள் என்ன செய்தார்கள்? அதைத்தான் கேட்கிறேன். எது தடுத்தது, யார் கைகொடுத்தார்கள், எழுதுங்கள்.


குடமுருட்டி (பாபநாசம்)

அக்கா, நான் மெக்கானிக்கல், 2016. வகுப்பில் நாங்கள் நாலு பெண்கள்தான். கேம்பஸ் இன்டர்வியூவில் பையன்களிடம் கேட்டது கியர், டாலரன்ஸ், ஜிடி அண்ட் டி (வரைபடத்தில் அளவும் வடிவமும் குறிக்கும் முறை) என்று பாடக் கேள்விகள். என்னிடமும் அவற்றைக் கேட்டார்கள், கூடவே "கல்யாணம் எப்போ?", "நைட் ஷிப்ட்னா வீட்டுல விடுவாங்களா?". விடுவார்கள் என்று சொன்னேன். வீட்டில் அதுவரை அப்படி ஒரு பேச்சே வந்ததில்லை, ஆனாலும் சொன்னேன்.

சென்னைப் பக்கம் ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் வேலை. அப்பா அரைமனதாகச் சம்மதித்தார். பெரியப்பா மட்டும் "ராத்திரி வேலைக்குப் பொம்பளப் புள்ளய அனுப்புற அளவுக்கு நமக்கு என்ன வந்துச்சு?" என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் வீட்டில் அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது.

1948-ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டம் இரவில் பெண்களை வேலை வாங்கக் கூடாது என்றுதான் சொன்னது. 2000-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லாது என்று தீர்ப்பளித்தது. போக்குவரத்து, பாதுகாப்பு எல்லாம் செய்துதர வேண்டும் என்றும் சொன்னது. கல்லூரி சீனியர் ஒருவர் இதைச் சொல்ல, நான் ஓடிப்போய்ப் பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "ராத்திரி ரெண்டு மணிக்கு வேன் எந்த வாசல்ல நிறுத்தும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அம்மாவும் நானும் உழவன் எக்ஸ்பிரஸில் ஏறிப் போய்ப் பார்த்தோம். வேன் ஹாஸ்டல் கேட்டுக்கு உள்ளேயே வந்து திரும்பியது. வார்டன் அம்மா பட்டுக்கோட்டைக்காரர். அம்மா அவரிடம் ஒரு மணி நேரம் பேசினார். திரும்பி வந்து பெரியப்பாவிடம் சொன்னது அம்மாதான், நான் இல்லை. "கேட்டுக்குள்ள வருது மாமா. நான் நின்னு பாத்தேன்" என்றார். இரண்டு வாரம் தாமதமாகச் சேர்ந்தேன். சேர்ந்தேன், அதுதான் முக்கியம்.

என் அத்தை ஒருவர் தஞ்சாவூர் பக்கம் வல்லத்தில் 1988-ல் பெண்களுக்கென்றே தொடங்கிய பொறியியல் கல்லூரியில் ஆரம்ப வருடங்களில் படித்தவர். வேலைக்குப் போகவில்லை. அவர் பொறியியல் வரைபடம் போட்ட டிராப்டர் கருவி இன்னும் பரணில் இருக்கிறது. நான் முதல் சம்பளம் வாங்கியதும் அவருக்குத்தான் புடவை எடுத்தேன்.


மெலட்டூர்க்காரி

நான் பி.ஏ. தமிழ். வேலைக்குப் போனேன், ஜவுளிக்கடைக்கு. காலை ஒன்பதரை முதல் ராத்திரி ஒன்பதரை வரை நின்றபடி. உட்கார்ந்தால் சூப்பர்வைசர் வந்துவிடுவார். 2021-ல் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. அதற்குப் பிறகு எங்கள் மாடிக்கு மூன்று ஸ்டூல் வந்தது. பதினோரு பேருக்கு. டிகிரி படித்த பெண் வேலையில் இருக்கிறாள் என்று கணக்கெடுக்கும்போது என்னையும் சேர்த்துக்கொள்வார்கள். அது எந்த வேலை என்பதையும் யாராவது கேட்க வேண்டும்.


ஒரத்தநாட்டு அப்பா

பெண்கள் பேசும் இடத்தில் நான் எழுதலாமா தெரியவில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஒரு பையன், ஒரு பெண். ஒரு வயது வித்தியாசம். பையன் பிளஸ் டூவில் ஆயிரத்து இருநூறுக்குத் தொள்ளாயிரத்துச் சொச்சம். மறு வருடம் பெண் ஆயிரத்து அறுபது. பையனுக்குக் கூட்டுறவு சொசைட்டியில் நகையை அடகு வைத்து, சென்னைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் இன்ஜினியரிங் சீட் வாங்கினேன். அவள் முறை வந்தபோது நகை அடகில் இருந்தது. அந்த வருடம் சம்பாவும் சரியில்லை. "பக்கத்துலயே பி.எஸ்சி. மேத்ஸ் படிம்மா" என்றேன். சரிப்பா என்றாள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பேசியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இப்போது அடிக்கடி யோசிக்கிறேன்.

அப்புறம் பி.எட். இப்போது அது இரண்டு வருடப் படிப்பு. டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) பாஸ் பண்ணிவிட்டாள், சர்டிபிகேட் பீரோவில் இருக்கிறது. போஸ்டிங் வரவில்லை. பக்கத்தில் ஒரு மெட்ரிக் பள்ளியில் எட்டாயிரத்துக்குப் பாடம் எடுத்துக்கொண்டு, ராத்திரி குரூப் தேர்வுக்குப் படிக்கிறாள். அரசு வேலையில் பெண்களுக்கு 1989 முதல் முப்பது சதவீத இடம், அதை நாற்பதாக்குவதாக 2021-ல் அறிவித்தார்கள். நல்லதுதான். ஆனால் என்னைப் போன்ற அப்பன்களுக்கு அது ஒரு சாக்காகவும் ஆகிவிட்டது. "கவர்மென்ட் வேலைக்குப் படிக்குது" என்று சொன்னால் ஊரில் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை, பிள்ளையும் கண்ணெதிரே வீட்டிலேயே இருக்கிறது. வருடங்கள் போய்க்கொண்டே இருக்கின்றன.

பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்குச் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்துவிட்டது. படிப்புக்குச் செய்கிற செலவில் சம பங்கு என்று சட்டம் இல்லை. அதை அப்பன்தான் செய்திருக்க வேண்டும். என் மகளிடம் இதை இன்னும் வாய்விட்டுச் சொல்லவில்லை.


வெண்ணாற்றங்கரை

அண்ணே, சொல்லிவிடுங்கள். இங்கே எழுதியதை அப்படியே காட்டினாலும் போதும்.


கீழவீதி (தஞ்சாவூர், கல்லூரி ஆசிரியை)

பன்னிரண்டு வருடமாகக் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். எங்கள் வகுப்புகளில் பெண்கள் குறைவு என்ற பேச்சுக்கே இடமில்லை. தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 2021-22 கணக்கெடுப்பில் 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4 மட்டும்தான். அதில் நம் பெண்கள் ஆண்களுக்குப் பின்தங்கியும் இல்லை. ஆனால் 2023-24 தொழிலாளர் கணக்கெடுப்பைப் பாருங்கள். நாடு முழுக்கப் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 78.8 சதவீதம் பேர் வேலையில் இருக்கிறார்கள் அல்லது தேடுகிறார்கள். பெண்களில் 41.7. அந்த 41.7-க்குள் சொந்த வயலிலும் வீட்டுக் கடையிலும் சம்பளமில்லாமல் உழைக்கிறவர்களும் அடக்கம். வெண்ணாற்றங்கரை ஒன்றரை வருடம் மாடு பார்த்தாரே, கணக்கெடுக்க வந்திருந்தால் அவரையும் வேலையில் இருப்பவராகவே எழுதியிருக்கக் கூடும்.

மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் முன்பு இருந்தது திருமண உதவித் திட்டம். பட்டம் படித்த பெண்ணுக்கு ஐம்பதாயிரம் ரூபாய், தாலிக்குத் தங்கம். 2022 செப்டம்பரிலிருந்து அதே பெயரில் புதுமைப் பெண் திட்டம். அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்ணுக்குக் கல்லூரி முடியும்வரை மாதம் ஆயிரம் ரூபாய், அவள் பெயரில் உள்ள கணக்கிலேயே வரும். தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய அந்த அம்மையாரின் பெயருக்கு இதுதான் பொருத்தம் என்று நான் நினைக்கிறேன். என் மாணவிகள் அந்தப் பணத்தில் புத்தகம் வாங்குகிறார்கள், தேர்வுக் கட்டணம் கட்டுகிறார்கள். ஒருத்தி கண்ணாடி மாற்றினாள்.

கடைசி செமஸ்டரோடு அது நின்றுவிடுகிறது. இன்டர்வியூவுக்குத் திருச்சி போகப் பஸ் காசு தேவைப்படுவது அதற்கு அடுத்த மாதம். மகளிர் இலவசப் பயணம் சாதாரண டவுன் பஸ்ஸுக்கு மட்டும்தான், வெளியூர் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தாக வேண்டும். நூறு ரூபாய்க்கு அப்பாவிடம் கை நீட்டும்போது "எதுக்குப் போற?" என்ற கேள்வியும் சேர்ந்து வருகிறது. ஆறு மாதமாவது அந்த ஆயிரம் நீடிக்க வேண்டும் என்று நான் போகிற கூட்டத்திலெல்லாம் சொல்கிறேன்.

ஒரு வருடம் எங்கள் துறையில் வேலைவாய்ப்பு முகாமில் இருபத்திரண்டு பெண்கள் தேர்வானார்கள். சேர்ந்தது ஐந்து பேர். மற்றவர்கள் வீட்டுக்கு ஒவ்வொன்றாகப் போன் செய்தேன். வேண்டாம் என்று யாருமே சொல்லவில்லை. "யோசிச்சு சொல்றோம் மேடம்" என்றார்கள். மறு வருடம் முகாமுக்கு முன்பே ஒரு வேன் பிடித்து, மாணவிகளின் அம்மாக்களை மட்டும் திருச்சிக்கு அழைத்துப் போனோம். அலுவலகம், கழிப்பறை, ஹாஸ்டல், சாப்பாடு, பஸ் நிறுத்தத்திலிருந்து நடக்கும் தூரம் எல்லாவற்றையும் அவர்களே பார்த்தார்கள். ஒரு அம்மா ஹாஸ்டல் குழாயைத் திறந்து தண்ணீரைக் குடித்துப் பார்த்தார். அந்த வருடம் பதினான்கு பேர் சேர்ந்தார்கள். குடமுருட்டியின் அம்மா கதையைப் படித்தபோது இந்த வேன்தான் நினைவுக்கு வந்தது.


குடமுருட்டி

மேடம், வேலைக்குச் சேர்வதோடு அது முடிவதில்லை என்பதையும் உங்கள் மாணவிகளிடம் சொல்லுங்கள். எனக்கு 26 வாரப் பிரசவ விடுப்பு கிடைத்தது, 2017-ல் திருத்திய சட்டத்தால். திரும்பி வரமுடிந்ததற்குக் காரணம் வளாகத்தில் இருந்த குழந்தைகள் காப்பகம். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அது இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். என்னுடன் படித்த இன்னொருத்தியின் கம்பெனியில் காப்பகம் இல்லை. கேட்கலாம் என்பதே அவளுக்குத் தெரியாது. விட்டுவிட்டாள்.


மூவலூர்ப் பக்கத்துப் பெண் (மயிலாடுதுறை)

எல்லாருக்கும் வணக்கம். பி.சி.ஏ. போன மாதம்தான் முடித்தேன். தஞ்சாவூரில் ஒரு சின்ன ஐ.டி. கம்பெனியில் வேலை, பதினாலாயிரம். ஊரிலேயே இருந்து தினமும் ரயிலில் போய்வா என்று அம்மா சொல்கிறார். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப ராத்திரி ஒன்பதாகும். தஞ்சாவூரில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான அரசின் தோழி விடுதி இருக்கிறதாம், அங்கே தங்கலாமா? ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கம்பெனியில் கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா? வீட்டில் இதையெல்லாம் கேட்க ஆள் இல்லை.


வெண்ணாற்றங்கரை

கண்ணு, முதலில் சர்டிபிகேட். ஒரிஜினலைக் காட்டு, ஜெராக்ஸ் கொடு, ஒரிஜினலைக் கையோடு திருப்பி வாங்கிக்கொள். வைத்துவிட்டுப் போ என்று சொன்னால் எழுத்தில் கேள்.

தினமும் ரயிலில் போய்வர வேண்டாம். முதல் மூன்று மாதம் புதுவேலை கற்றுக்கொள்ளும் காலம், அதில் ஆறு மணி நேரம் பயணத்தில் போனால் உடம்பு தாங்காது. சோர்ந்துபோய் நீயே விட்டுவிடுவாய், "அப்பவே சொன்னோமே" என்பார்கள். தோழி விடுதியில் இடம் இருக்கிறதா என்று இன்றே விண்ணப்பித்துப் பார். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டு, தண்ணீரைக் குடித்துப் பார்க்கட்டும். இடம் கிடைக்கும்வரை என் வீட்டு மாடி அறை இருக்கிறது. நான், என் மகள், என் அத்தை, மூன்று பேர்தான்.

சம்பளக் கணக்கு உன் பெயரில் மட்டும் இருக்கட்டும். ஏடிஎம் கார்டு உன் கையில் இருக்கட்டும். வீட்டுக்கு மாதம் எவ்வளவு அனுப்புவாய் என்பதைச் சேரும் முன்பே அம்மாவிடம் பேசி முடிவு செய்துகொள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு எங்கள் கிளைக்கு வா. கிளை எங்கே என்று தனியாக அனுப்புகிறேன். ஆதார், பான் கார்டு, இரண்டு போட்டோ எடுத்துவந்தால் போதும்.