எஃப்பிஎஸ் 120-க்குக் குறையவில்லை, ஆனாலும் ஆட்டம் திக்குகிறது: எந்த டெஸ்க்டாப்புக்கு மாறலாம்?

கேள்வி

வணக்கம் நண்பர்களே. விண்டோஸை விட்டுவிட்டு லினக்ஸ் மின்ட் 22 சினமன் பதிப்புக்கு வந்துவிட்டேன். திரும்பிப் போகிற எண்ணம் இல்லை. அதனால்தான் அரைகுறையாக விடாமல் இதைச் சரிசெய்துவிடப் பார்க்கிறேன்.

ரைசன் 5 5600, ரேடியான் ஆர்எக்ஸ் 6600, 16 ஜிபி ரேம். மானிட்டர் இரண்டு. ஆடுவதற்கு 144 ஹெர்ட்ஸ், பக்கத்தில் வீடியோவுக்கும் சாட்டுக்கும் 60 ஹெர்ட்ஸ். ஆட்டங்கள் எல்லாம் ஸ்டீமில், விண்டோஸ் ஆட்டங்களை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் வழியாகத்தான் ஓடுகின்றன.

திரை மூலையில் ஸ்டீம் காட்டும் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற எண்) 120-க்குக் கீழே இறங்குவதே இல்லை. ஆனாலும் கேமராவைச் சுழற்றினால் படம் வழுக்கிக்கொண்டு போகாமல் தடுக்கித் தடுக்கிப் போகிறது. பக்கத்து மானிட்டரில் வீடியோ ஓடினால் இன்னும் மோசம். இதே கணினியில் விண்டோஸ் இருந்தபோது இப்படி இல்லை.

சினமனுக்குப் பதில் எந்த டெஸ்க்டாப் (விண்டோ, மெனு, அமைப்புகளைத் தரும் மென்பொருள்) என்று தேடிப் பார்த்தால் ஒருவர் எக்ஸ்எஃப்சிஇ என்கிறார், இன்னொருவர் கேடிஇ என்கிறார், க்னோம்தான் சிறந்தது என்று அடித்துச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். கேமிங்குக்கு உண்மையில் எது நல்லது?

கூடவே இரண்டு சந்தேகம். விண்டோஸ் காலத்து என்டிஎஃப்எஸ் டிரைவில் இருக்கும் ஆட்டங்களை ஸ்டீம் கண்டுபிடித்துவிடுகிறது. ப்ளே அழுத்தினால் சில நொடி ஓடுவதுபோல் காட்டிவிட்டு மறுபடி ப்ளே பட்டனுக்கே வந்துவிடுகிறது. அப்புறம், நண்பர்களோடு ஆடும் ஒரு ஆன்லைன் ஷூட்டர் ஆன்டிசீட் (ஏமாற்றுத் தடுப்பு) பிழை காட்டி வெளியேறுகிறது. டெஸ்க்டாப்பை மாற்றினால் இவையும் சரியாகுமா?

பதில் 1

எக்ஸ்எஃப்சிஇ போடுங்கள். க்னோமையும் கேடிஇயையும்விட ரேம் சில நூறு எம்பி குறைவாகத்தான் எடுக்கும், மிச்சம் ஆட்டத்துக்குக் கிடைக்கும். எல்லா விண்டோவையும் சேர்த்து ஒரே திரைப்படமாக வரையும் கம்போசிட்டரையும் சுலபமாக அணைத்துவிடலாம்: அமைப்புகளில் விண்டோ மேனேஜர் ட்வீக்ஸ், அதில் கம்போசிட்டர் டேப், முதல் டிக்கை எடுத்துவிட்டால் முடிந்தது. 4 ஜிபி ரேம் உள்ள என் பழைய லேப்டாப்பில் இதைத்தான் வைத்திருக்கிறேன். அதில் வேறு எதுவும் இந்த அளவுக்கு ஓடவில்லை.

பதில் 2

4 ஜிபி லேப்டாப்புக்கு எக்ஸ்எஃப்சிஇ நல்ல தேர்வுதான். இவரிடம் 16 ஜிபி இருக்கிறது, எஃப்பிஎஸ்ஸும் 120-க்கு மேல் இருக்கிறது. கணினிக்குத் தெம்பு போதாமல் வரும் பிரச்சினையாக இது தெரியவில்லை. கம்போசிட்டரை அணைத்தால் இந்தத் திக்கல் (ஸ்டட்டர்) குறையலாம், ஆனால் கேமராவைத் திருப்பும்போது படம் குறுக்கே கிழிந்து தெரியும். ஒரு தொல்லைக்குப் பதில் இன்னொன்று.

எதையும் நிறுவும் முன் இரண்டு சோதனை செய்யுங்கள்.

முதலில் ஆட்டத்தின் மேலேயே அளவீடுகளைக் காட்டும் மேங்கோஹட் நிறுவுங்கள், மின்ட்டின் மென்பொருள் களஞ்சியத்திலேயே இருக்கிறது. அதில் எஃப்பிஎஸ் எண்ணைப் பார்க்காதீர்கள், அது சராசரி மட்டும்தான். கீழே ஓடும் ஃபிரேம்டைம் கோட்டைப் பாருங்கள். ஒவ்வொரு ஃபிரேமும் எத்தனை மில்லிநொடியில் தயாரானது என்பதை அது காட்டும். 120 எஃப்பிஎஸ் என்றால் சுமார் 8.3 மில்லிநொடி. கோடு அவ்வப்போது ஊசிபோல் மேலே குத்தினால் கோளாறு ஆட்டத்தின் பக்கம்: ஷேடர் (கிராபிக்ஸ் கார்டுக்கான குட்டி நிரல்) தொகுப்பாகிறது, டிஸ்க் இழுக்கிறது, ஏதோ ஒன்று. கோடு தட்டையாகப் போய்க்கொண்டிருக்க, கண்ணுக்கு மட்டும் திக்கினால், ஆட்டம் தன் வேலையைச் சரியாக முடித்துவிட்டது என்று பொருள். ஃபிரேம் ஆட்டத்தைவிட்டு வெளியே வந்து திரையை அடைவதற்குள் யாரோ தாமதப்படுத்துகிறார்கள்.

அடுத்து, டிஸ்ப்ளே அமைப்பில் 60 ஹெர்ட்ஸ் மானிட்டரை அணைத்துவிட்டு அதே ஆட்டத்தை, அதே இடத்தில் ஆடிப் பாருங்கள். இரண்டின் முடிவையும் இங்கே எழுதுங்கள். அதை வைத்துத்தான் டெஸ்க்டாப் பற்றி உருப்படியாகப் பேச முடியும்.

கேட்டவர்

செய்து பார்த்தேன். ஃபிரேம்டைம் கோடு 8 மில்லிநொடியை ஒட்டித் தட்டையாகவே போகிறது. புதிய இடத்துக்குள் நுழையும்போது மட்டும் சின்னதாக ஒரு குத்தல்.

60 ஹெர்ட்ஸ் மானிட்டரை அணைத்ததும் ஆட்டம் வெண்ணெய்போல் ஓடுகிறது! மறுபடி அதை இயக்கி வீடியோவைப் போட்டால் பழைய கதை.

பதில் 2

அப்படியானால் விஷயம் தெளிவாகிவிட்டது. இது சினமனின் எடை பற்றிய பிரச்சினை இல்லை, நீங்கள் இருக்கும் செஷன், அதாவது திரையில் படம் காட்ட எந்த அமைப்பு ஓடுகிறது என்பது பற்றியது. மின்ட்டில் சினமன் இயல்பாக எக்ஸ்11 என்ற பழைய அமைப்பில்தான் ஓடுகிறது. அதற்குப் பதிலாக வந்த புதிய அமைப்பான வேலாண்டின் செஷன் 21.3 பதிப்பிலிருந்து இருக்கிறது, ஆனால் இன்னும் சோதனை நிலை என்று அவர்களே சொல்லித்தான் தருகிறார்கள்.

எக்ஸ்11 உங்கள் இரண்டு மானிட்டரையும் சேர்த்து ஒரே பெரிய திரையாகப் பார்க்கிறது. அந்தப் பெரிய திரையைக் கம்போசிட்டர் ஒரே தாளத்தில் வரைகிறது. 144-க்கும் 60-க்கும் பொதுவான தாளம் கிடையாது: 144-ஐ 60-ஆல் வகுத்தால் 2.4 வரும். 60-இன் வேகத்தில் தயாராகும் படத்தை 144 ஹெர்ட்ஸ் திரை காட்ட வேண்டும் என்றால் ஒரு ஃபிரேமை இரண்டு தட்டுக்கு (திரை புதுப்பிக்கும் இரண்டு முறைக்கு) வைத்திருக்கும், அடுத்ததையும் இரண்டு தட்டு, அதற்கடுத்ததை மூன்று, பிறகு இரண்டு, பிறகு மூன்று. கேமரா சீராகச் சுழலும்போது இந்த 2, 2, 3, 2, 3 ஏற்றத்தாழ்வைத்தான் கண் 'தடுக்குகிறது' என்று உணர்கிறது. எப்போதும் இவ்வளவு கணக்காக நடக்காது, இரண்டு தாளமும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டே இருக்கும். வீடியோ ஓடும்போது அந்தப் பக்கமும் இடைவிடாமல் மாறிக்கொண்டே இருப்பதால் உங்களுக்கு இன்னும் மோசமாகத் தெரிகிறது.

இதில் மேங்கோஹட் பொய் சொல்லவில்லை. அது அளப்பது ஆட்டம் ஃபிரேமைக் கையளிக்கும் நேரத்தை. அதற்குப் பிறகு நடப்பது அதன் கண்ணில் படாது.

சினமனிலேயே ஒரு வழி உண்டு. சிஸ்டம் செட்டிங்ஸில் ஜெனரல் பகுதிக்குப் போனால், முழுத்திரை விண்டோவுக்குக் கம்போசிட்டிங்கை நிறுத்தும் விருப்பம் இருக்கும். ஒற்றை மானிட்டர்காரர்களுக்கு அதுவே போதும். வெவ்வேறு ஹெர்ட்ஸில் இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு நான் அதை நம்பச் சொல்ல மாட்டேன். நிரந்தரத் தீர்வு வேலாண்ட். அங்கே ஒவ்வொரு மானிட்டரும் தன் தாளத்தில் தனியாகப் புதுப்பிக்கப்படும்.

பதில் 3

ஆன்டிசீட் பற்றி யாரும் சொல்லவில்லையே. எந்த டெஸ்க்டாப் போட்டாலும் அது மாறாது. ஈசி ஆன்டிசீட், பேட்டில்ஐ இரண்டும் 2021 முதல் புரோட்டானில் இயங்கும் வசதியைத் தருகின்றன, ஆனால் ஆட்டத்தை உருவாக்கியவர்கள் அதை இயக்கிவிட வேண்டும். இயக்காவிட்டால் நம் பக்கம் செய்ய ஒன்றுமில்லை. வேலரன்ட்போல் கெர்னல் (இயங்குதளத்தின் உள்மையம்) வரை இறங்கும் ஆன்டிசீட் லினக்ஸில் ஓடவே ஓடாது. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் ஒரு காலம் ஓடியது, 2024 அக்டோபர் கடைசியில் லினக்ஸை அடைத்துவிட்டார்கள். புரோட்டான்டிபி தளத்தில் உங்கள் ஆட்டத்தின் பெயரைப் போட்டுப் பாருங்கள், மற்றவர்கள் அனுபவம் தெரியும். அதில் 'போர்க்ட்' (ஓடாது) என்று இருந்தால் நேரத்தை வீணாக்காதீர்கள். குறுக்கு வழிகளைத் தேடி அக்கவுன்ட் தடைபட்டால் இழப்பு உங்களுக்குத்தான்.

என்டிஎஃப்எஸ் விஷயம் நம் கையில் இருக்கிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புரோட்டான் ஒரு குட்டி விண்டோஸ் கோப்புறையை உருவாக்கும். ஸ்டீமின் லைப்ரரிக்குள் 'கம்பாட்டேட்டா' என்ற பெயரில் அது இருக்கும். அதற்குள் சி டிரைவுக்கான இணைப்பின் பெயரிலேயே முக்காற்புள்ளி வருகிறது. விண்டோஸ் கோப்புப் பெயரில் அந்தக் குறிக்கு இடமில்லை. அதனால் என்டிஎஃப்எஸ்ஸில் அந்தக் கோப்புறை உருப்படியாக உருவாகாமல் போகலாம், ஆட்டமும் சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும். தப்பித்தவறி உருவானாலும் பின்னால் விண்டோஸ் அந்த டிரைவைச் சோதிக்கும்போது பிழை என்று கை வைக்கக்கூடும். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கிக்கொண்டிருந்தால் டிரைவ் எழுத முடியாத நிலையில் மவுன்ட் ஆவதும் உண்டு, அதையும் பாருங்கள்.

சுத்தமான வழி, ஆட்டத்தை லினக்ஸின் கோப்பு முறையான இஎக்ஸ்டி4 டிரைவுக்கு நகர்த்துவது. ஸ்டீம் அமைப்புகளில் ஸ்டோரேஜ் பகுதியில் ஆட்டத்தைத் தேர்ந்து நகர்த்தலாம், மறுபடி இறக்க வேண்டியதில்லை. இடம் கிடைத்ததும் அந்த டிரைவையே இஎக்ஸ்டி4 ஆக மாற்றிவிடுங்கள். ஃபார்மட் செய்யும் முன் சேவ் கோப்புகள் கிளவுடில் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உறுதி செய்துகொள்ளுங்கள். எல்லா ஆட்டமும் கிளவுடில் சேமிப்பதில்லை.

கேட்டவர்

மிக்க நன்றி. ஒரு ஆட்டத்தை நகர்த்திப் பார்த்தேன், உடனே திறந்துவிட்டது. மற்றவற்றையும் மாற்றுகிறேன். ஆன்லைன் ஷூட்டருக்கு 'போர்க்ட்' என்றுதான் இருக்கிறது, அதை விட்டுவிடுகிறேன்.

இப்போது வேலாண்ட் என்றால் கேடிஇயா, க்னோமா? மின்ட்டிலேயே கேடிஇயை நிறுவிக்கொள்ளலாமா?

பதில் 2

மின்ட்டில் வேண்டாம். மின்ட் தன் கேடிஇ பதிப்பை 18.3-ஓடு நிறுத்திவிட்டது. மின்ட் 22-இன் அடித்தளம் உபுண்டு 24.04, அதன் களஞ்சியத்தில் கிடைப்பது கேடிஇயின் டெஸ்க்டாப்பான பிளாஸ்மாவின் 5.27 பதிப்பு. வேலாண்டில் கேமிங்குக்குத் தேவையான நல்ல வேலைகள் பலவும் பிளாஸ்மா 6-இல், அதாவது 2024 பிப்ரவரிக்குப் பிறகு வந்தவை. பழைய கேடிஇயைச் சினமனோடு சேர்த்து வைத்தால் இரண்டின் அமைப்புகளும் ஆப்களும் கலந்து, எது எதனுடையது என்றே தெரியாமல் போகும்.

என் தேர்வு கேடிஇ பிளாஸ்மா 6. ஸ்டீம் டெக்கின் டெஸ்க்டாப் முறையும் கேடிஇதான் என்பதால் ஆட்டக்காரர்கள் முட்டிக்கொள்ளும் பிழைகள் அங்கே கவனிப்பாரின்றிக் கிடப்பதில்லை. விஆர்ஆர் (ஆட்டத்தின் வேகத்துக்கேற்ப மானிட்டர் தன் ஹெர்ட்ஸை மாற்றிக்கொள்வது) மானிட்டர் வாரியாக அமைப்பிலேயே இருக்கிறது. முழுத்திரை ஆட்டத்தில் டேரிங்கை (படம் குறுக்கே கிழிவதை) அனுமதிக்கும் விருப்பமும் உண்டு. தாமதமே கூடாது என்று நினைக்கும் ஷூட்டர் ஆட்டக்காரர்களுக்கு அது முக்கியம். க்னோமும் மோசமில்லை. விஆர்ஆர் 46-ஆம் பதிப்பில் சோதனை நிலையில் வந்தது, எச்டிஆர் (கூடுதல் ஒளி, வண்ண வீச்சு) 48-இல் வந்தது. வேலைக்கும் அதே கணினி, க்னோமின் ஒழுங்கு பிடித்திருக்கிறது என்றால் தாராளமாக அதிலேயே ஆடலாம். இரண்டுக்கும் இடையே எஃப்பிஎஸ்ஸில் பெரிதாக எதுவும் மாறாது. வசதிகளில்தான் கேடிஇ ஒரு படி முன்னே நிற்கிறது.

பிளாஸ்மா 6-ஓடு வரும் ஃபெடோரா லினக்ஸின் கேடிஇ லைவ் யூஎஸ்பி ஒன்றைத் தயார் செய்து, நிறுவாமலேயே பூட் செய்யுங்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு வீடியோவை ஓடவிட்டு, 144 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு விண்டோவைப் பிடித்து இடமும் வலமும் வேகமாக இழுத்துப் பாருங்கள். அதே சோதனையை மின்ட்டிலும் செய்யுங்கள். வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் மாறுங்கள்.

பதில் 4

இதைப் படிக்கும் என்விடியா நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. வேலாண்டில் ஸ்டீமும் ஆட்டங்களும் மினுக்குகின்றன, பழைய ஃபிரேம் திரும்பி வருகிறது என்று படித்துப் பயந்திருப்பீர்கள். அதற்குக் காரணம் எக்ஸ்ப்ளிசிட் சிங்க் (ஃபிரேம் முழுதாகத் தயாரானதும் காட்டச் சொல்லும் ஒத்திசைவு) இல்லாததுதான். 2024-இன் நடுவில் டிரைவர் 555, எக்ஸ்11 ஆப்களை வேலாண்டில் ஓட்டும் எக்ஸ்வேலாண்ட் 24.1, பிளாஸ்மா 6.1 மூன்றும் அடுத்தடுத்து வந்து அதைச் சரிசெய்தன. மூன்றில் ஒன்று பழையதாக இருந்தாலும் மினுக்கல் வரலாம். ஆகவே டெஸ்க்டாப்பைத் திட்டும் முன் பதிப்பு எண்களைச் சரிபாருங்கள்.

கேட்டவர்

லைவ் யூஎஸ்பியில் விண்டோவை இழுத்த முதல் நொடியிலேயே தெரிந்துவிட்டது. ஃபெடோரா கேடிஇயையே நிறுவிவிட்டேன். பக்கத்தில் வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆட்டம் சீராகப் போகிறது. விண்டோஸில் இருந்தபோதுகூட இவ்வளவு மென்மையாக இருந்ததா என்று சந்தேகமாக இருக்கிறது.

இன்னும் இரண்டு இருக்கிறது. ஒரு ஆட்டத்தின் அமைப்பில் 60 ஹெர்ட்ஸ் மட்டும்தான் காட்டுகிறது. அடுத்து, வாய்ஸ் சாட்டில் புஷ் டு டாக் (அழுத்தினால்தான் குரல் போகும்) பட்டன் சில சமயம் வேலை செய்கிறது, சில சமயம் இல்லை.

பதில் 2

முதலாவதற்கு, டிஸ்ப்ளே அமைப்பில் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை பிரைமரி ஆக்குங்கள். புரோட்டான் ஆட்டங்கள் பெரும்பாலும் எக்ஸ்வேலாண்ட் வழியாக ஓடுகின்றன, பிரைமரி எதுவோ அதைத்தான் முதலில் பிடிக்கும். மாற்றியபின் ஆட்டத்தை மூடித் திறக்க வேண்டும்.

இரண்டாவது, வேலாண்டின் பாதுகாப்பு விதி. ஒரு ஆப்பில் அழுத்தும் விசையை இன்னொரு ஆப் ஒட்டுக்கேட்க அது விடாது. உங்கள் சாட் ஆப் எக்ஸ்வேலாண்டில் ஓடுகிறது என்றால், ஆட்டம் முன்னால் இருக்கும்போது பட்டன் வேலை செய்யும், பிரவுசர் போன்ற வேலாண்ட் விண்டோ முன்னால் வந்ததும் நின்றுவிடும். சிஸ்டம் செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் 'லெகசி எக்ஸ்11' என்று தேடுங்கள். பழைய ஆப்கள் எந்த விசைகளைக் கேட்கலாம் என்பதை அங்கே தேர்ந்தெடுக்கலாம். எல்லா விசைகளையும் திறந்துவிடாதீர்கள், பாஸ்வேர்டு அடிப்பதும் கேட்கும். கன்ட்ரோல், ஆல்ட் போன்ற விசைகளை மட்டும் அனுமதித்துவிட்டு, புஷ் டு டாக்கையும் அவற்றில் ஒன்றுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கேட்டவர்

இரண்டும் சரியாகிவிட்டது. புஷ் டு டாக்கை வலது கன்ட்ரோலுக்கு மாற்றினேன், பிரவுசர் முன்னால் இருந்தாலும் குரல் போகிறது. தலைப்பில் 'தீர்ந்தது' சேர்த்துவிடுகிறேன். இதே மாதிரி இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்கள் முதலில் ஒன்றை அணைத்துப் பாருங்கள், எங்கே தேட வேண்டும் என்று உடனே தெரிந்துவிடும்.