சிசிலியன் பீட்சா: சாஸுக்குக் கீழே மாவு வேகாமல் ஒட்டுகிறது, ஏன்?

கேள்வி:
23க்கு 33 செ.மீ. அலுமினியத் தட்டு, ஓடிஜி (மேலும் கீழும் கம்பி எரியும் சிறிய மின் ஓவன்). மைதா 400 கிராம், தண்ணீர் 240 மி.லி., இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம், உப்பு 8 கிராம். ஒரு மணி நேரம் உப்பவிட்டு, தட்டில் பரப்பி, உடனே சாஸும் மொசரெல்லாவும் போட்டு 230 டிகிரியில் 20 நிமிடம். மேலே சீஸ் கருகுகிறது, அடி வெளுப்பு, நடுவில் பிசுபிசுப்பு. பரப்பும்போது மாவு மூலைக்குப் போகாமல் சுருங்கிக்கொள்கிறது. எங்கே தவறு?

பதில் 1:
"உடனே" என்றீர்களே, அங்கேதான். தடிமனான பீட்சாவுக்குத் தட்டில் நடக்கும் இரண்டாவது உப்பல்தான் உயிர். உப்பாத மாவில் காற்றறை இல்லை, சூடு உள்ளே ஏறாது.

அந்தத் தட்டுக்கு பிரெட் மாவு (புரதம் கூடுதலான கோதுமை மாவு) 320 கிராம், தண்ணீர் 225, உப்பு 7, ஈஸ்ட் 2, ஆலிவ் எண்ணெய் 10 போதும். மூன்றில் ஒரு பங்கு, பாஸ்தாவுக்கான டியூரம் கோதுமையின் நைசான ரவைமாவாக இருந்தால் சிசிலி ருசி வரும். பாம்பே ரவை வேண்டாம், நறநறக்கும். மைதாதான் என்றால் தண்ணீரை 205க்குக் குறையுங்கள். பிசைந்து ஒரு இரவு ஃப்ரிட்ஜில்.

மறுநாள் தட்டில் 3 டேபிள்ஸ்பூன் எண்ணெய் விட்டு, மாவை விரல் நுனியால் அழுத்திப் பரப்புங்கள். சுருங்கினால் இழுக்காதீர்கள், கிழியும். மூடி 30 நிமிடம் விட்டால் தானே தளரும், பிறகு மூலைக்குப் போகும். அதன்பின் 2 மணி நேரம், ஏறக்குறைய இருமடங்காகும்வரை.

பதில் 2:
மேலே சொன்னதோடு சூட்டையும் கவனியுங்கள். பளபளக்கும் அலுமினியம் சூட்டைத் திருப்பிவிடும், கறுத்த இரும்புத் தட்டு நல்லது. ஓவனை 250 டிகிரியில் அரை மணி நேரம் முன்சூடு செய்து, தட்டை அடி அடுக்கில் வையுங்கள். முதலில் கெட்டி சாஸ் மெல்லிசாகப் பூசி 10 நிமிடம், பிறகு சீஸ் போட்டு 10–12 நிமிடம். அடி வெளுத்திருந்தால் கீழ்க் கம்பியை மட்டும் 3 நிமிடம் எரியவிடுங்கள். எடுத்ததும் கம்பி வலைக்கு மாற்றுங்கள், தட்டிலேயே விட்டால் ஆவியில் அடி நமுத்துவிடும்.

பதில் 3:
மொசரெல்லா போட்ட சதுர பீட்சா, அமெரிக்காவுக்குக் குடியேறிய சிசிலிக்காரர்கள் வழி வந்தது. சிசிலியின் பலெர்மோ நகரத்துத் தடிமன் பீட்சாவான ஸ்ஃபின்சோனேயில் அடுக்கே வேறு: காச்சோகவல்லோ சீஸ் துண்டுகளையும் அன்சோவி மீனையும் மாவுக்குள் அழுத்திவிட்டு, அதன் மேல்தான் சாஸ். சீஸ் கருகாது. மேலே தூவும் ரொட்டித்தூள் ஈரத்தை உறிஞ்சும். ரொட்டித்தூளில் ஒரெகானோவும் எண்ணெயும் பிசிறிக்கொள்ளுங்கள்.

சாஸுக்கு 2 பெரிய வெங்காயத்தைக் குறைந்த தீயில் 25 நிமிடம் நிறம் மாறாமல் வதக்கி, 400 கிராம் தக்காளி சேர்த்து, கரண்டி இழுத்த தடம் நிற்கும்வரை சுண்டவையுங்கள். அன்சோவி நம் நெத்திலி இனம்தான், ஆனால் கருவாடு ஈடாகாது. உப்பில் பதப்படுத்தி எண்ணெயில் போட்டதுதான் சூட்டில் கரையும்.

கேள்வி கேட்டவர்:
முதல் 10 நிமிட வேக்காட்டோடு நிறுத்தி, மறுநாள் முடிக்கலாமா?

பதில் 2:
தாராளமாக. வலையில் முழுக்க ஆறியபின் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் தட்டில் ஒரு ஸ்பூன் எண்ணெய் புதிதாக விட்டு, சீஸோடு 12–14 நிமிடம்.