இன்செர்ஷன் சார்ட் நிரூபணம்: உள் லூப்புக்கு இன்வேரியன்ட் எப்படி எழுதுவது?

வணக்கம். இன்செர்ஷன் சார்ட் (ஒவ்வொரு உறுப்பாக எடுத்து, ஏற்கெனவே வரிசையான பகுதியில் உரிய இடத்தில் செருகும் முறை) சரியானதுதான் என்று டாஃப்னியில் (நிரல் சரியா என்று தானே சரிபார்க்கும் நிரல்மொழி) நிரூபிக்கப் பார்க்கிறேன். ஓர் இடத்தில் நகரவே மாட்டேன் என்கிறது. ஃபார்மல் வெரிஃபிகேஷன் (நிரல் சரி என்று கணித முறையில் நிரூபிப்பது) பழகியவர்கள் வழி சொல்லுங்கள்.

பின்நிபந்தனையில், அதாவது நிரல் முடிந்ததும் உண்மையாக இருக்க வேண்டியதில், இரண்டு கூற்றுகள்: விடை ஏறுவரிசையில் இருக்க வேண்டும், பழைய உறுப்புகளே அதே எண்ணிக்கையில் இருக்க வேண்டும். இரண்டாவதை விட்டுவிட்டால் அரே முழுக்கப் பூஜ்ஜியத்தை நிரப்பும் நிரல்கூடத் தேறிவிடும். (முதலாவதோடு நிறுத்திக்கொள்ளும் விளக்கங்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.)

வெளி லூப் பிரச்சினை இல்லை. நிரல் முடிவுக்கு வரும் என்பதும் சுலபம், உள் லூப்பில் இடத்தைக் குறிக்கும் மாறியான ஜே குறைந்துகொண்டே போகிறது. சிக்கல் உள் லூப்பில். 3, 7, 5 என்ற அரேயில் 5-ஐ 'கீ' என்ற மாறியில் எடுத்து வைத்துவிட்டு 7-ஐ வலப்பக்கம் நகர்த்தினால் அரே 3, 7, 7 ஆகிறது. அந்தக் கணத்தில் 7 இரண்டு, 5 அரேயிலேயே இல்லை. அதனால் 'மல்ட்டிசெட் (எந்த உறுப்பு எத்தனை முறை என்ற தொகுப்பு) மாறவில்லை' என்ற இன்வேரியன்ட், அதாவது லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் உண்மையாக இருக்க வேண்டிய கூற்று, அங்கே பொய்.

'ஜே+1-ஆவது இடத்தில் கீயை வைத்துப் பார்த்தால் மல்ட்டிசெட் பழையதே' என்று மாற்றி எழுதினேன். தாளில் சரியாக வருகிறது, டாஃப்னி ஏற்கவில்லை. நடுவில் என்ன அசெர்ட் (இந்த இடத்தில் இது உண்மை என்று சொல்லும் வரி) கொடுத்தால் அதற்குப் புரியும்? நகர்த்துவதற்குப் பதில் இடமாற்றம் செய்தால் வேலை எளிது, தெரியும். ஆனால் அது வேறு நிரல் ஆகிவிடுமே!

அப்புறம் இன்னொன்று. மல்ட்டிசெட் இல்லாமல், நிரல்களை நிரூபிக்கக் கணினி அறிஞர் டோனி ஹோர் 1969-இல் தந்த விதிகளை வைத்துக் கையால் நிரூபிப்பதானால், இந்த இரண்டாவது கூற்றை எப்படி எழுதுவீர்கள்? ஒன்றுக்கொன்று இணைக்கும் சார்பு ஒன்று உண்டு என்றா, ஒவ்வொரு மதிப்பும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் சார்பை வைத்தா?